கோடை லீவில் பிள்ளைகளை வாசிக்க வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் 6, 7, 8 வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். ஏப்ரல் பிறந்தால் போதும், பெற்றோர் கூட்டத்தில், பஸ் ஸ்டாப்பில், பூக்கடையில், வாட்ஸ்அப்பில் என்று எங்கே பார்த்தாலும் அதே சந்தேகங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நான் சொல்லும் பதிலையும் கீழே போட்டிருக்கிறேன்.

"பத்து மாசம் படிச்சது பத்தாதா டீச்சர்? லீவுலயுமா படிக்கணும்?"

பாடம் படித்தது பத்தும். லீவில் பாடப்புத்தகத்தைத் தொட வேண்டாம் என்று நானே சொல்கிறேன். நான் சொல்வது கதை, காமிக்ஸ், விளையாட்டுச் செய்தி, பாம்புகளைப் பற்றிய புத்தகம் என்று எதையாவது தானாக எடுத்து வாசிப்பதை. ஏன் என்றால், ஏப்ரலில் ஒரு பக்கத்தைத் தடங்கல் இல்லாமல் வாசித்த பிள்ளை ஜூனில் வந்து அதே மாதிரிப் பக்கத்தில் மூன்று இடத்தில் நிற்பதை வருஷா வருஷம் பார்க்கிறேன். சைக்கிளை ரெண்டு மாதம் திண்ணையில் சாத்தி வைத்தால் செயின் துருப்பிடிக்குமே, அப்படி.

இதை அமெரிக்காவில் நிறைய அளந்து பார்த்திருக்கிறார்கள். ஹாரிஸ் கூப்பர் என்பவரும் அவர் குழுவும் 1996-ல் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, கோடை விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்னடைவு தெரிந்தது. கணக்கில் எல்லாப் பிள்ளைகளும் பின்தங்கினார்கள். வாசிப்பில் மட்டும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் சரியவில்லை, ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் சரிந்தார்கள். வீட்டில் புத்தகம் கிடந்ததும் கிடக்காததும் இதில் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் படிக்கச் சொல்லணும்?"

இருபது நிமிஷம் போதும். இன்னும் கொஞ்ச நேரம் என்று அவர்களாகக் கேட்டால் விட்டுவிடுங்கள், நீங்களாக ஒரு மணி நேரம் என்று கறார் பண்ணாதீர்கள். எங்கள் பக்கம் மே மாதம் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை வெளியே காலை வைக்க முடியாது, அதுதான் நல்ல நேரம். சாப்பிட்டு முடித்து எல்லோரும் தரையில் துண்டை விரித்துப் படுக்கிற அந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு புத்தகம் கிடந்தால் பாதி வேலை முடிந்தது. பீரோவுக்குள் பூட்டி வைத்த புத்தகத்தை எந்தப் பிள்ளையும் தேடிப் போய் எடுக்காது.

"எங்க வீட்ல ஒரு புத்தகம் கூட கிடையாது. காசு போட்டு வாங்கணுமா?"

நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்தாயிற்று. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் நூலக வரி என்று ஒன்று இருக்கும், ஒவ்வொரு ரூபாய் வரிக்கும் பத்து பைசா. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. நம் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் அதற்காக வருஷக்கணக்கில் அலைந்தார். ஆக, கிளை நூலகத்தில் இருக்கிற புத்தகம் உங்கள் காசில் வாங்கியதுதான். கூச்சப்படாமல் உள்ளே போங்கள்.

அங்கேயே உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது. வீட்டுக்கு எடுத்துவர உறுப்பினர் ஆக வேண்டும், அதற்குச் சிறிய காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் உண்டு, ரெண்டு டீ வடை செலவைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். எந்தக் கிழமை விடுமுறை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் நடந்து போய்ப் பூட்டிய கதவைப் பார்த்த பிள்ளை அடுத்த தடவை வராது.

ஊரில் நூலகமே இல்லாதவர்களுக்கு நான் செய்வது இது. கடைசி வேலை நாளில் பள்ளி நூலகப் புத்தகங்களைப் பத்துப் பத்தாகத் துணிக்கடைக் கட்டைப்பையில் போட்டுத் தெருவுக்கு ஒரு பை என்று கொடுத்துவிடுவேன். பைக்கு ஒரு பிள்ளை பொறுப்பு, ஞாயிற்றுக்கிழமை பையைத் தெரு மாற்ற வேண்டும். 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அதன் முன்னால் என் பை ஒன்றுமே இல்லை. ரெண்டு மூன்று புத்தகம் தொலையத்தான் செய்யும். போன வருஷம் ஒன்று மாட்டுத் தொழுவத்தில் கிடைத்தது, அட்டை இல்லாமல். தொலைந்தால் தொலைகிறது, அலமாரியில் கரையான் தின்பதற்கு அது மேல்.

"எந்தப் புத்தகம் வாங்கலாம்? ஒரு லிஸ்ட் அனுப்புங்களேன்."

மாட்டேன். இது பல பேருக்குக் கோபம். லிஸ்ட் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தெரியும்: நீங்கள் அதைக் கடையில் நீட்டுவீர்கள், அவர்கள் கட்டித் தருவார்கள், பிள்ளை திறந்து பார்த்து மூடி வைக்கும், "முன்னூறு ரூபா குடுத்து வாங்கிக் குடுத்தேன், தொடக்கூட இல்ல" என்று ஜூனில் என்னிடம் வந்து நிற்பீர்கள்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், அதுவே எடுக்கட்டும். இதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. அலிங்டன், மெக்கில்-ஃபிரான்சன் என்ற ரெண்டு பேர் ஃபுளோரிடாவில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு, அவர்களே புத்தகக் கண்காட்சியில் பொறுக்கி எடுத்த 12 புத்தகங்களை ஒவ்வொரு கோடைக்கும் கொடுத்தார்கள், மூன்று வருஷம். கூடவே வகுப்பு, பரீட்சை என்று எதுவும் இல்லை. புத்தகம் கிடைக்காத பிள்ளைகளைவிட இவர்கள் வாசிப்புத் தேர்வில் முன்னால் நின்றார்கள், 2010-ல் அதை வெளியிட்டார்கள். அவை நம் ஆறாம் வகுப்பைவிடச் சின்னப் பிள்ளைகள்தான், ஆனால் தானே எடுத்ததைத் தானே படிக்கும் என்பது பன்னிரண்டு வயதில் இன்னும் கூடுதலாகத்தான் பொருந்தும்.

எங்கே போய்ப் பொறுக்குவது என்று கேட்டால் சொல்கிறேன். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், அதையொட்டிப் பல கடைகளில் தள்ளுபடி இருக்கும். நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயம் போன்றவற்றின் சிறுவர் வெளியீடுகள் விலை குறைவு. அறிவியலில் ஆசை உள்ள பிள்ளைக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழ். நாம் சின்ன வயதில் படித்த அம்புலிமாமா, கோகுலம், சுட்டி விகடன் எல்லாம் நின்றுபோயின, அதைத் தேடி அலைய வேண்டாம். மதுரைக்கு எப்படியும் துணி எடுக்கவோ ஆஸ்பத்திரிக்கோ போவீர்கள், ஒரு நாள் அப்படியே கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குள் பிள்ளையை விட்டுப் பாருங்கள். 2023-ல் திறந்தது, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, ஏசி வேறு.

"என் பையன் வெறும் பொம்மைப் புத்தகம்தான் பாக்குறான். அதெல்லாம் படிப்பா?"

படிப்புதான். காமிக்ஸில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும்போது நடுவில் என்ன நடந்தது என்பதைப் பிள்ளையின் தலைதான் நிரப்பிக்கொள்கிறது. அது சின்ன வேலை இல்லை. சிவகாசியிலிருந்து 1972-ல் வர ஆரம்பித்த முத்து காமிக்ஸையும் 1984-ல் வந்த லயன் காமிக்ஸையும் ஒளித்து வைத்துப் படித்த பையன்கள் இன்றைக்குத் தலை நரைத்து வங்கியிலும் தாலுகா ஆபீசிலும் இருக்கிறார்கள், இன்னமும் சந்தா கட்டி வாங்குகிறார்கள். யாரும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

தினமலரோடு வருகிற சிறுவர் மலர், தினமணியின் சிறுவர்மணி, டீக்கடையில் கிடக்கும் பேப்பரின் கிரிக்கெட் பக்கம், இவையும் கணக்கில் சேர்த்திதான்.

"ஏழாவது போகப்போறா, இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறா. இவளுக்குக் கதைப்புத்தகமா?"

இவளுக்குத்தான் முதலில். நீங்கள் பயப்படும் அளவுக்கு இது அபூர்வமும் கிடையாது, என் வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் நாலைந்து பேர் இப்படி இருக்கிறார்கள். போன மார்ச்சில் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். "கிணற்றடியில்" என்பதைத் தாண்டிவிட்டாள். அடுத்த சொல் "உட்கார்ந்துகொண்டிருந்தான்". உட்… கா… ர்ந்… து… கொண்… என்று விரலால் தள்ளிக்கொண்டே போய்க் கடைசி எழுத்துக்கு வரும்போது முதலில் என்ன படித்தோம் என்பதே மறந்துபோய் என்னைப் பார்க்கிறாள். வீட்டில் அவள் பேசுவது "ஒக்காந்திருந்தான்". நாம் பேசுகிற தமிழும் புத்தகத் தமிழும் இவ்வளவு தள்ளி நிற்கிறதே, இந்த இடைவெளியைத் தாண்டத்தான் பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது. புத்தித் தட்டுப்பாடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நான் அவளுக்குச் செய்தது: "உட்கார்ந்து" என்ற இடத்தில் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு, "கொண்டிருந்தான்" தனி. இப்படிப் பத்துச் சொல் உடைத்துக் காட்டியதும் பதினொன்றாவதை அவளே உடைத்தாள். வீட்டில் நீங்கள் ஒரு வரி, அவள் ஒரு வரி என்று மாற்றி மாற்றி வாசிக்கலாம். தடுக்கினால் மூன்று எண்ணும் வரை பொறுத்துவிட்டுச் சொல்லைச் சொல்லிவிடுங்கள், "நேத்துத்தானே சொன்னேன்" என்பதை மட்டும் விழுங்கிவிடுங்கள்.

புத்தகம் சின்னதாக இருக்க வேண்டும், ஆனால் ரெண்டாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டினால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மானம் போய்விடும். அதற்கு ஒரு வழி, "தம்பிக்கு வாசிச்சுக் காட்டு" என்று கொடுப்பது. தம்பி இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் குழந்தை. மரியாதையோடு எளிய புத்தகத்தைப் படிக்க இதைவிட நல்ல சாக்கு இல்லை. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்திருக்கிறார்கள். பள்ளியில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். "நுழை"யில் ஆரம்பிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகம் எதுக்கு? இங்கிலீஷ் வளரட்டுமே."

தாராளமாக இங்கிலீஷும் வாசிக்கட்டும். ஆனால் இங்கிலீஷில் சொல்லுக்குச் சொல் அகராதி பார்க்கும் பிள்ளை ஒரு கதைக்குள் முழுசாக விழுந்து எழுவது கஷ்டம். அந்த ருசி முதலில் தெரிந்த மொழியில் வர வேண்டும், வந்துவிட்டால் மற்ற மொழிக்கும் அது கூடவே போகும். ரெண்டும் ஒரே பக்கத்தில் வேண்டும் என்றால் சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமுமாக இருமொழிப் புத்தகங்கள் போடுகிறது, பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கானவை. மேலே சொன்ன தம்பி உத்தி இங்கேயும் செல்லும்.

"போன்ல படிச்சா ஆகாதா? எப்படியும் அதைத்தான் கையில வச்சிருக்கான்."

ஆகும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம், நாலு நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெரிய பிள்ளைகளுக்கு மூன்று, நாலு நிலை சரியாக வரும். முதலில் இறக்கி வைத்துக்கொண்டு நெட்டை அணைத்துவிட்டுக் கொடுங்கள். நெட்டோடு கொடுத்தால் கதையின் மூன்றாம் பக்கத்தில் ரீல்ஸ் வந்துவிடும், பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே அப்படித்தான் ஆகிறது. கையில் தாள் புத்தகம் கிடைக்கிற வீட்டில் நான் போனைச் சொல்வதில்லை.

"காலையில பூப்பறிக்க வர்றான். அலுத்துப்போய் வர்ற பிள்ளையை எப்படிப் படிக்கச் சொல்ல?"

சொல்ல வேண்டாம். மல்லிகை சீசனும் கோடை லீவும் ஒன்றாக வருவது நம் ஊர்த் தலைவிதி. விடியுமுன்னே போய் வெயில் ஏறுமுன் பறித்து முடித்து வருகிற பிள்ளை முதலில் தூங்கட்டும். ஒரே ஒரு காரியம்: படுக்கும் இடத்தில் புத்தகத்தைப் போட்டு வையுங்கள். போன கோடையில் ஒரு பையன் பூ மூட்டையோடு சந்தைக்குப் போகிற வேனில் உட்கார்ந்தே ஒரு திகில் கதையை முடித்திருக்கிறான். புத்தகம் திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் மல்லிகை வாசம். பைக்குள் இருந்த மற்ற ஒன்பதுக்கும் அதே வாசம்.

"படிச்சு முடிச்சதும் கதைச்சுருக்கம் எழுதச் சொல்றேன். நல்லதுதானே?"

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: தயவுசெய்து வேண்டாம். சினிமா பார்த்துவிட்டு வந்ததும் வாசலில் நிறுத்தி "கதைச்சுருக்கம் எழுது, நீதி என்ன, அருஞ்சொற்பொருள் சொல்லு" என்று கேட்டால் அடுத்த படத்துக்கு நாம் போவோமா? வாசிப்பைக் கொல்வது பெரும்பாலும் போன் கூட இல்லை, வாசித்த பிறகு வரும் பரீட்சைதான். என் முதல் சில வருஷங்களில் நானும் நோட்டுப் போட்டு எழுத வைத்தவள். ஜூனில் முப்பது நோட்டு வந்தது. பின் அட்டையில் அச்சடித்திருந்ததை அப்படியே பார்த்து எழுதிய முப்பது நோட்டு. ரெண்டு பேர் விலையையும் சேர்த்து எழுதியிருந்தார்கள்.

பேச வேண்டும் என்று இருந்தால், தெரியாதவராகக் கேளுங்கள். "அந்தப் பேய் கடைசியில என்னாச்சு?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டால் பிள்ளை அரை மணி நேரம் சொல்லும்.

"ஒரு புத்தகத்துக்கு அம்பது ரூபா தர்றேன்னு சொன்னேன். ஒரே வாரத்துல ஏழு முடிச்சிட்டான்!"

மெல்லிசா மெல்லிசாப் பார்த்து எடுத்திருப்பானே, பக்கத்தை எண்ணிப் பாருங்கள். 1973-ல் அமெரிக்காவில் படம் வரைவதில் ஆசை உள்ள சின்னக் குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். வரைந்தால் பரிசுப் பத்திரம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்த குழந்தைகள், கொஞ்ச நாள் கழித்துச் சும்மா விட்டபோது மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அதனால் கூலி பேசாதீர்கள். ஒரு நாள் திடீரென்று நாலு புரோட்டா வாங்கிக் கொடுத்தால் அது வேறு.

ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்றால் ஏழுக்கும் காசைக் கொடுத்துவிடுங்கள். சொன்ன சொல் தவறினால் அது வேறொரு பாடமாகிவிடும்.

"எதை எடுத்தாலும் பாதியில வச்சிடுறான்."

நானும்தான். இருபது பக்கம் பார்க்கச் சொல்லுங்கள், பிடிக்கவில்லையா, மாற்றிக்கொள்ளட்டும். அதற்குத்தான் பையில் பத்து.

"பேய்க்கதை, காதல் கதைன்னு படிக்கிறா. விடலாமா?"

பேய்க்கதையை விடுங்கள், ராத்திரி பாத்ரூமுக்குத் துணைக்குப் போக வேண்டி வரும், அவ்வளவுதான். காதல் கதை விஷயம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. பதிமூன்று வயதில் அந்த ஆவல் வருவது இயற்கை, பிடுங்கினால் தலையணைக்குள் போகும். மாத நாவல்களில் சில பெரியவர்களுக்கென்றே எழுதியவை, முரட்டுத்தனமும் அசிங்கமும் இருக்கும். அதனால் பிடுங்குவதற்கு முன் நீங்கள் ஒரு தடவை படித்துப் பாருங்கள். அட்டைப்படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லி நானே அசடு வழிந்திருக்கிறேன். படித்துப் பார்த்து வேண்டாம் என்று தோன்றினால் காரணத்தை நேராகச் சொல்லி, அதற்குப் பதில் வேறொன்றைக் கையில் கொடுத்துவிட்டு எடுங்கள்.

"எனக்கே எழுதப் படிக்கத் தெரியாது. நான் எப்படி டீச்சர் சொல்லிக்குடுப்பேன்?"

இதைக் கேட்ட அம்மா குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார், ஆனால் கேட்டவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. அக்கா, உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லாத வசதி. படித்த அப்பா அம்மா பிழை திருத்தியே பிள்ளையை விரட்டிவிடுகிறார்கள். நீங்கள் பூக்கட்டிக்கொண்டே "வாசி, கேக்குறேன்" என்று சொன்னால் போதும். உங்களுக்கு நிஜமாகவே கதை தெரியாது, பிள்ளை சொன்னால்தான் தெரியும். இதைவிட நல்ல காது எந்தப் பள்ளியிலும் கிடைக்காது. அப்புறம் ஒரு நாள் நீங்கள் உங்கள் ஆத்தா சொன்ன கதை ஒன்றைச் சொல்லுங்கள், அவளை எழுதி வைக்கச் சொல்லுங்கள். எழுத ஆசைப்பட்டால் மட்டும்.

"நீங்க சொன்னதெல்லாம் செஞ்சாச்சு. அப்பவும் புத்தகத்தைத் தொட மாட்டேங்கிறான்."

முதலில் கண்ணைப் பரிசோதித்தாயிற்றா? கரும்பலகை தெரியாமல், புத்தகத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு, தலைவலி என்று சொல்லத் தெரியாமல் ஒதுங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். கண் சரி, ஆனால் எழுத்துகள் எவ்வளவு பழகினாலும் ஒட்டவே இல்லை, பேச்சில் கெட்டிக்காரன் என்றால் வாசிப்புக் குறைபாடு இருக்கலாம். அதை நானோ நீங்களோ முடிவு செய்ய முடியாது, ஜூன் வரை காத்திருக்காமல் இப்போதே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதுவும் இல்லை, சும்மாவே பிடிக்கவில்லை என்றால், அவனுக்கு எதில் கிறுக்கு என்று பாருங்கள். எட்டாவதில் ஒருத்தன் ஒரு வரி படிக்க மாட்டான், புறா என்றால் உயிர். புறா வளர்ப்பு பற்றி ஒரு பழைய கையேடு கிளை நூலகத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டு எடுத்துவந்தேன். லீவு முடிந்து மூன்று வாரமாகியும் திருப்பித் தரவில்லை. கேட்டால், "அதுல மருந்துப் பக்கம் இருக்கு டீச்சர், அதை மட்டும் எழுதி எடுத்துக்கிட்டுத் தர்றேன்" என்றான். அபராதத்தை நான் கட்டினேன்.